அல்-கிந்தியும் அப்பாவின் கத்தியும்

உம்மாவின் வாப்பாவை நாங்கள் ‘அப்பா’ என்றுதான் அழைப்போம். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் எல்லோரோடும் அவரும் உடுத்த உடையோடு வெளியேறினார். கடை, கணக்குப் புத்தகங்கள், தராசு, படிக்கற்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. புத்தளத்தில் இருபது வருடங்கள் ஓடின. திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை.

தூர்ந்து கிடந்த கிணற்றை இறைத்தபோது சேற்றுக்குள் இருந்து ஒரு கத்தி வந்தது. பிடி உக்கிப் போயிருந்தது. அலகு முழுக்கத் துரு. அப்பா அதைத் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தெடுத்தார். துரு தின்ற இடமெல்லாம் அலையலையாகக் கோடுகள் தெரிந்தன.

போன வருடம் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. இது அரசர் காலத்து வாளொன்றின் முறிந்த துண்டு, பிறகு கத்தியாக்கியிருக்கிறார்கள் என்றார். பரம்பரை பரம்பரையாக எங்கள் குடும்பத்தில் இருந்ததென்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் எண்பதாயிரம் ரூபா தருவதாகவும் சொன்னார். முன் விறாந்தைக்கு ஓடு போட அந்தக் காசு போதும். அப்பா உள்ளே போய் அரத்தை எடுத்து வந்தார். அலகின் ஓரத்தில் இரண்டு தரம் உரசிப் பார்த்தார். இது லொறி ஸ்பிரிங் தகட்டில் கம்மாலையில் அடிப்பித்த கத்தி, அடிப்பித்தவனே நான்தான், அறுபது வருடமும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டார். வந்தவர் போய்விட்டார். உம்மா அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கோபம்தான். அவர் பொய் சொல்ல வேண்டாம், பேசாமலாவது இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அந்த மாதம்தான் இஸ்லாமிய நாகரிக பாடத்துக்கு அறிஞர் ஒருவரைப் பற்றி ஒப்படை எழுதும்படி ஆசிரியை சொன்னார். எனக்குக் கிடைத்த பெயர் அல்-கிந்தி. மெய்யியலாளர், கணிதர், மருத்துவர் என்று நான்கு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். அவர் வாள்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று அறிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நூலில் எங்கள் நாட்டின் பெயரும் இருக்கிறது என்று அறிந்தபோது ஒப்படை மறந்தே போயிற்று.

அபூ யூஸுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி, கி.பி. 801ஆம் ஆண்டளவில் கூஃபாவில் பிறந்தார் என்பர். நபித்தோழர் அஷ்அஸ் இப்னு கைஸ் வழிவந்த குடும்பம். தெற்கு அரேபியாவில் அரசாண்ட கிந்தா குலம் அது. தகப்பனார் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர். ஆகவே வாளும் குதிரையும் அவருக்குப் பிறந்த வீட்டுப் பொருள்கள்தான். அவரோ புத்தகத்தின் பக்கம் போனார். பஸராவிலும் பிறகு பக்தாதிலும் படித்தார்.

கலீபா மஃமூனின் காலம் அது. கிரேக்கம், சுரியானி, பாரசீகம், இந்தியா என்று எந்தத் திசையில் நல்ல நூல் இருந்தாலும் அதை அரபுக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அல்-கிந்தி அந்த வேலையின் நடுவில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர்களைச் சேர்த்து வேலை வாங்கினார், பெயர்த்ததைத் திருத்தினார், அதன்மேல் தானும் எழுதினார். இந்திய எண்களைப் பற்றி, பேரலைகளும் வற்றுப் பெருக்கும் எப்படி வருகின்றன என்பது பற்றி, மருந்தின் அளவு பற்றி, இசை பற்றி, வாசனைத் திரவியங்கள் பற்றி. இப்னு நதீம் என்ற நூற்பட்டியலாளர் அவர் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களைக் குறித்திருக்கிறார். பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அரபிகளின் மெய்யியலாளர் என்ற பட்டம் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

அவருடைய மெய்யியல் நூலில் ஒரு கருத்து எனக்குப் பிடித்துக்கொண்டது. உண்மை எங்கிருந்து வந்தாலும், எவ்வளவு தூரத்து மக்களிடமிருந்து வந்தாலும், அதை ஏற்க வெட்கப்படக்கூடாது என்பது அது. கேட்க எளிதான கருத்துத்தான். ஆனால் ஆளுநரின் மகன் ஒருவர் கொல்லனிடமும் சாணை பிடிப்பவனிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டி வரும்போதுதான் அதன் பாரம் தெரியும். அல்-கிந்தி அப்படிக் கேட்டார் என்பதற்கு வாள் நூலே சாட்சி.

மஃமூனுக்குப் பின் 833இல் அவர் தம்பி முஃதஸிம் கலீபா ஆனார். அவர் போர்வீரர். 836இல் தலைநகரைப் பக்தாதிலிருந்து ஸாமர்ராவுக்கு மாற்றினார். 838இல் பைஸாந்தியப் பேரரசின் அமூரியா நகரைக் கைப்பற்றினார். தன் மகன் அஹ்மதுக்கு அல்-கிந்தியை ஆசிரியராக வைத்திருந்தவரும் அவரே. வாள்களின் வகைகளைப் பற்றி எழுதித் தரும்படி அவர் கேட்டதற்கிணங்க அல்-கிந்தி அந்த நூலை எழுதினார். பெரும் படை வைத்திருப்பவருக்கு அது வீண் பொழுதுபோக்கு அல்ல. நாலு திசையிலிருந்தும் வாள்கள் சந்தைக்கு வருகின்றன. எது எந்த ஊர், எது நல்ல உருக்கு, எது பெயரை மட்டும் சுமந்து வருவது என்று தெரியாவிட்டால் பணமும் போகும், உயிரும் போகும்.

நூல் இரும்பிலிருந்து தொடங்குகிறது. இரும்பு இரண்டு வகை. ஒன்று சுரங்கத்திலிருந்து வருவது. அதில் ஷாபுர்கான் என்ற வன்மையான இரும்பும், நர்மாஹன் என்ற மென்மையான இரும்பும் உண்டு. மற்றது மனிதன் பக்குவப்படுத்தி ஆக்குவது. அதுதான் உருக்கு. சுரங்கத்து இரும்பைச் சுத்தமாக்கி, வேண்டிய சரக்கைச் சேர்த்து உருக்கினால் வலிமையும் வளையும் தன்மையும் ஒன்றாக வரும் என்று அவர் விளக்குகிறார். எங்கள் பகுதிகளில் இந்த வேலையை மண் மூசையில் செய்தார்கள். இரும்புத் துண்டையும் ஆவாரை போன்ற செடியின் விறகுத் துண்டையும் மூசைக்குள் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரி நெருப்பில் ஊதுவார்கள். விறகின் கரி இரும்புக்குள் ஏறி அதை உருக்காக்கும். அப்படி ஆன கட்டியை ஆங்கிலேயர் ‘வூட்ஸ்’ என்றார்கள். நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ என்ற சொற்களின் பக்கம் அது பிறந்ததென்று பலர் சொல்கிறார்கள்.

மெல்ல ஆறிய அந்த உருக்கைப் பக்குவமாக அடித்து, மெருகிட்டு, புளிப்பான சரக்கொன்றைப் பூசினால் மேலே நீரோட்டம் போல ஒரு வரி எழும். அரபியில் அதற்கு ஃபிரிந்த் என்று பெயர். வாளை அடையாளம் காண்பதில் அல்-கிந்திக்கு முதல் சாட்சி அதுதான். வரி சிறிதா பெரிதா, நெருக்கமா அகலமா, பின்னணி நிறம் என்ன, சரக்குப் பூசுமுன் எப்படி இருந்தது, பூசியபின் எப்படி மாறியது என்று பார்க்கச் சொல்கிறார். பிறகு நீளம், அகலம், நிறை, பிடிக்குள் செருகும் வாலின் வடிவம். வாளுக்குச் சொந்தக்காரர் சொல்லும் கதை இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

ஐரோப்பாவின் ஃபிராங்கியர் வாள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றில் பிறையும் சிலுவையும் பதித்திருக்கும் என்கிறார். அவற்றைப் போலவே தோன்றும் சுலைமானி வாள்களில் சிலுவை இராது, வேலைப்பாடும் வேறு. ஒன்றைப் போலிருக்கும் இன்னொன்றை எப்படிப் பிரித்தறிவது என்பதில்தான் இந்த நூலின் உயிர் இருக்கிறது.

இதே மனம்தான் அவருடைய இன்னொரு நூலிலும் வேலை செய்தது. மறைமொழியில் எழுதிய கடிதத்தை உடைப்பது எப்படி என்று அவர் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்று எண்ணிக் கொள். பிறகு மறைகடிதத்தில் அதிகம் வரும் குறி எதுவென்று எண்ணு. இரண்டையும் பொருத்திப் பார். உலகில் இந்த வழியை எழுதி வைத்தவர்களில் நாம் அறிந்த முதலாமவர் அவர்தான். செம்பைப் பொன்னாக்குவதாகச் சொல்லித் திரிந்த இரசவாதிகளை மறுத்தும் அவர் எழுதினார். ஒரு பொருள் தான் அல்லாத இன்னொன்றாக நடிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை போலும்.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். அந்த நூலில் ஸரந்தீப் உருக்கு பேசப்படுகிறது. ஸரந்தீபிலேயே அடித்த வாள்களும் உண்டு, ஸரந்தீபின் உருக்கைக் கொண்டுபோய் யெமன், குராசான் போன்ற நாடுகளில் அடித்த வாள்களும் உண்டு. கடல் கடந்த கொல்லர்கள் இந்தத் தீவின் உருக்கைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.

இதை வெறும் புகழ்ச்சி என்று யாரும் தள்ள முடியாது. 1990களில் ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர், பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைத் தோண்டி ஆராய்ந்தார். தென்மேல் பருவக் காற்றே அந்த உலைகளின் துருத்தி. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை எரிந்திருக்கின்றன. அதேபோன்ற உலையொன்றைக் கட்டிக் காற்றிலேயே இரும்பு உருக்கியும் காட்டினார்கள். அதில் நல்ல உருக்கும் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் அது வெளிவந்தது. அல்-கிந்தி பக்தாதில் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் இங்கே மலையில் உலை எரிந்திருக்கிறது. அதற்கும் முன்னே, யாழ்ப்பாணத்து வேர் கொண்ட ஆனந்த குமாரசுவாமி, கனியவள ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில், மண் மூசையில் உருக்குச் செய்யும் கிராமத்தவரின் முறையைக் கண்டு, 1908இல் வெளிவந்த தன் சிங்களக் கலை பற்றிய நூலில் எழுதி வைத்தார். அந்தக் கை வேலை அழியும் தறுவாயில் இருந்த காலம் அது.

எங்கள் குடாநாடு சுண்ணக் கல் பூமி. இங்கே இரும்புத் தாது இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தி இருந்தால் அதன் இரும்பு எங்கிருந்தோ வந்ததுதான். கடல்தான் எங்களுக்குச் சந்தை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் பொறித்த கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டவரைக் காக்கச் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் அரசுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்றும் வகுக்கிறது. அப்படிக் கப்பல்கள் வந்துபோன கரையில்தான் நாங்கள் இருக்கிறோம்.

இப்போது என் மனதை மாற்றிய இடத்துக்கு வருகிறேன். உருக்கு வாள்களை அல்-கிந்தி மூன்றாகப் பிரிக்கிறார். ‘அதீக்’, அதாவது பழமையானவை. ‘முஹ்தஸ்’, அதாவது புதியவை. இரண்டும் அல்லாதவை மூன்றாவது. அதீக் வகையில் யெமன் வாளுக்கு முதலிடம், அடுத்து கலஇ வாள், பிறகு இந்திய வாள். இதுவரை சாதாரணம். அடுத்து அவர் சொல்வதுதான் புதினம். அதீக் என்பது காலக் கணக்கு அல்ல என்கிறார். நல்ல சாதிக் குதிரையை அரபிகள் அதீக் என்பதுபோல, வாளின் மேன்மையைக் குறிக்கும் சொல் அது. மேன்மையின் குணங்கள் இருந்தால் நேற்று அடித்த வாளும் அதீக். அந்தக் குணங்கள் இல்லாவிட்டால் ஆயிரம் வருடத்து வாளும் அதீக் அல்ல.

கஃபாவை ‘பைத்துல் அதீக்’ என்று சொல்வதை நாங்கள் எல்லோரும் அறிவோம். பழமையான வீடு என்றும், கண்ணியமான வீடு என்றும் அதற்குப் பொருள் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே கேட்ட சொல். அது ஒரு வாளின் அலகிலும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் நாட்டுச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள்தான் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. சட்டத்துக்கு ஒரு திகதி வேண்டும், அது நியாயம். அந்தத் திகதி இருப்பதால்தான் பழைய சாமான் வியாபாரத்தில் வயதைக் கூட்டிச் சொல்ல ஆசை வருகிறது. பொருளைப் பார்க்காமல் கதையை வாங்கினால் இரண்டு பேர் ஏமாறுகிறார்கள். காசு கொடுத்தவர் ஒருவர். அந்தப் பொய்யை நம்பி நாளைக்கு வரலாறு எழுதப் போகிறவர் மற்றவர். அப்பா எண்பதாயிரம் ரூபாவை விட்டது எதற்காக என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. வரியென்று அந்த மனிதர் கண்டது துரு தின்ற தடம். அது உருக்கின் நீரோட்டம் அல்ல என்பது இரும்போடு வாழ்ந்த ஒருவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு பேசாமல் இருப்பதும் ஒரு சாட்சியம்தான், பொய்ச் சாட்சியம்.

அல்-கிந்தியின் கடைசிக் காலம் சுகமானதல்ல. 847இல் முதவக்கில் கலீபா ஆனார். அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த பனூ மூஸா சகோதரர்கள், தாங்களும் பெரிய அறிஞர்களாக இருந்தும், அல்-கிந்தியைப் பற்றிக் கலீபாவிடம் கோள் சொன்னார்கள். அவர் அடிக்கப்பட்டார். அவருடைய நூலகம் முழுவதும் பறிக்கப்பட்டுத் தனியாக அடைத்து வைக்கப்பட்டது. எழுத்தே வாழ்க்கையான மனிதரிடமிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இதை வாசித்தபோது அப்பாவின் கணக்குப் புத்தகங்கள் என் நினைவுக்கு வந்தன.

பிறகு நடந்ததை இப்னு அபீ உஸைபிஆ தன் மருத்துவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கலீபா ஒரு கால்வாய் வெட்டும் வேலையைப் பனூ மூஸாவிடம் கொடுத்தார். அவர்கள் அதை வானியலாளர் அல்-ஃபர்கானியிடம் விட்டார்கள். கணக்குப் பிழைத்தது. கால்வாயின் வாய் மற்ற இடத்தைவிட ஆழமாகிவிட்டது, ஆற்றில் நீர் குறைந்தால் கால்வாயில் நீர் ஓடாது. கலீபா கோபத்தோடு, அதைப் பார்வையிட ஸனத் இப்னு அலி என்ற பொறியியலாளரை அழைத்தார். அவரையும் முன்னர் அரண்மனையிலிருந்து ஒதுக்கி வைத்தவர்கள் அதே சகோதரர்கள்தான். இப்போது உயிர்ப் பிச்சை கேட்டு அவரிடமே வந்தார்கள். ஸனத் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் அல்-கிந்தியின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸனதுக்கும் அல்-கிந்திக்கும் நட்பு இல்லை, பகைதான் இருந்தது. ஆனாலும் நியாயம் நியாயம்தான் என்றார். புத்தகங்கள் திரும்பின. ஒன்றும் குறையவில்லை என்று அல்-கிந்தி கைப்பட எழுதிக் கொடுத்த பிறகே ஸனத் அடுத்த காரியத்தைப் பேசினார். ஆற்றில் வெள்ளம் இருந்ததால் பிழை சில மாதங்களுக்கு வெளியே தெரியாது என்று அவர்களைக் காப்பாற்றிவிட்டார். அது தெரிய வருமுன் 861இல் முதவக்கில் கொல்லப்பட்டார்.

அல்-கிந்தி 873ஆம் ஆண்டளவில் பக்தாதில் காலமானார். அவருடைய நூல்கள் சில இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அல்கிண்டஸ் என்ற பெயரில் ஐரோப்பா அவரைப் படித்தது. வாள் நூலின் கையெழுத்துப் பிரதிகள் நூற்றாண்டுகளாக நூலகங்களில் கிடந்தன. 1952இல் கெய்ரோவில் அது அச்சேறியது. 2006இல் ஆங்கிலத்திலும் முழுமையாக வந்தது. தமிழில் அதைக் கொண்டு வருவது எங்களில் யாராவது ஒருத்தி அரபு படித்துச் செய்யக்கூடிய வேலை.

கட்டுரையை எழுதி முடித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண் இப்போது மங்கல். வாள்களின் வரியையும் நிறத்தையும் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரும்பைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பதையும் அவர் எழுதியிருக்கலாமே என்றார். அதீக் என்ற இடத்தில் சிரித்தார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அந்த மனிதருக்குப் புத்தகங்கள் முழுதும் திரும்பக் கிடைத்தனவா என்று கேட்டார். ஒன்றும் குறையவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தார் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

விறாந்தைக்கு இன்னமும் தகரம்தான். கத்திக்குப் பூவரசம் பிடி போட்டாயிற்று. உம்மா அதில்தான் பிலாப்பழம் வெட்டுகிறார். நல்ல கத்தி என்று அவரே சொல்கிறார்.

பகைவராக இருந்தும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாரே ஒருவர், அந்த இடத்தை விடாமல் எழுது என்று அப்பா சொன்னார். எழுதியிருக்கிறேன்.